எல்லா வாய்ப்புண்ணும் ‘கரண்ட்’ வைத்ததால் அல்ல

இந்திய ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய், வாய்ப் புற்றுநோய். இதற்குக் ‘கரண்ட்’ எனப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை வைத்துக்கொள்ளும் நோயாளிக்கு இரண்டாம், மூன்றாம் வாரத்திலேயே வாய் வெந்து புண்ணாகிவிடுகிறது. ஆறவைத்த கஞ்சிகூட இறங்குவதில்லை. எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் முட்டுகிறது. ‘கரண்ட் வைத்தால் அப்படித்தான் இருக்கும்’ என்ற ஒற்றைப் பதிலோடு பல இடங்களில் பேச்சு முடிந்துவிடுகிறது. முடியக் கூடாது; புண்ணுக்கு ஒரு வைரஸும் காரணமாக இருக்கலாம்.

சிறுவயதில் நம்மில் பலரைத் தொற்றும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ், முக நரம்பில் ஆயுள் முழுக்கப் பதுங்கியிருக்கும். கதிர்வீச்சு மட்டும் பெறுவோரிடம் அது பெரிதாகத் தலைதூக்குவதில்லை. கூடவே கீமோதெரபியும் தரும்போது எதிர்ப்பாற்றல் சரிந்து, வைரஸ் விழித்துக்கொள்கிறது. நம்மிடம் நோய் முற்றிய பிறகு வருவோர் ஏராளம். அவர்களில் பலருக்கு இரண்டையும் சேர்த்தே தர வேண்டியிருக்கிறது. வெந்த புண்ணோடு வைரஸ் புண்ணும் கலந்துவிட்டால், பார்வையால் மட்டும் பிரித்தறிவது கடினம்.

இது வெறும் வலி சார்ந்த விஷயமல்ல. ஆறேழு வாரச் சிகிச்சையைப் புண் தாங்காமல் இடையில் நிறுத்தினால், எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகும். சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறைகிறது.

வைரஸ் விழித்துக்கொள்ளும் ஆபத்து கல்லீரலிலும் உண்டு. ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவருக்கு அங்கே கதிர்வீச்சு தரும்போது வைரஸ் மீண்டும் பெருகி, கல்லீரலையே செயலிழக்கச் செய்யலாம். முன்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்படுவோருக்கு மாத்திரை தந்தால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம்.

அதற்காக எல்லோருக்கும் வைரஸ் மருந்தை எழுதித் தள்ளச் சொல்லவில்லை. கதிர்வீச்சால் வரும் வாய்ப்புண்ணை, ஹெர்பிஸுக்குத் தரும் அசைக்ளோவிர் முன்கூட்டியே தடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. கதிர் படாத இடத்திலும் புண் வந்தாலோ, எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பரவினாலோ, பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து பிசிஆர் சோதனை செய்ய வேண்டும் என்பதே நம் வாதம். கொரோனா காலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் உருவான ஆய்வகங்கள் இதற்குக் கைகொடுக்கும். வைரஸ் உறுதியானால் தர வேண்டிய அசைக்ளோவிரும் விலை மலிந்த, பழைய மருந்துதான்.

கதிர்வீச்சுக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனையையும், சந்தேகத்துக்குரிய புண்ணுக்குப் பிசிஆர் சோதனையையும் அரசு மருத்துவமனைகளில் கட்டாயமாக்க வேண்டும். அந்தச் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமே ஏற்க வேண்டும். நோயாளிகளும் புண்ணைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் முடங்காமல், மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.