கடலுக்கு முன் நீச்சல்

 

பெருநாள் முடிந்த மறுநாளே சிங்கவரத்திலிருந்தும் செஞ்சியிலிருந்தும் நம் இளைஞர்கள் வேன் பிடித்துப் புதுச்சேரிக்கோ கோவளத்துக்கோ கடலாடப் புறப்பட்டுவிடுகின்றனர். கடற்கரைக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா என்று பெற்றோர் கேட்கின்றனர். அதற்குமுன் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா?

கடலை மனிதனுக்கு வசப்படுத்தித் தந்ததை அல்லாஹ் தன் அருட்கொடைகளுள் ஒன்றாகத் திருமறையில் எண்ணிக் காட்டுகின்றான். நீச்சல் கற்பதை வீண் விளையாட்டில் சேர்க்காமல் நபி (ஸல்) அவர்கள் விலக்களித்ததாக இமாம் நஸாயீ பதிவு செய்துள்ளார்கள். ஆகவே நீச்சல் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று.

நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் என்னும் நபிமொழி, பிள்ளையை இழந்தோருக்கு ஆறுதல். அலட்சியத்துக்கு அனுமதிச்சீட்டு ஆகாது. நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்வதை அல்லாஹ் தடுத்திருக்கின்றான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கவே நாம் கற்பிக்கப்பட்டோம்.

முன்பு நம் ஊர்ப்பக்கப் பிள்ளைகள் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு பாசனக் கிணற்றில் நீந்தப் பழகினர். ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் திறந்த கிணறுகள் பல தூர்ந்துபோயின. இன்று பல பிள்ளைகள் முதன்முதலில் இறங்கும் ஆழநீரே கடல்தான்.

கிணற்றில் நீந்தத் தெரிந்தவனுக்கும் கடல் புதிது. கிணற்று நீர் நிற்கும். கடல் நீர் இழுக்கும். கரைக்கு வந்த அலைநீர் ஒரு குறுகிய வழியாக வேகமாகக் கடலுக்குள் திரும்பும் இடங்கள் உண்டு. அங்கே அலை உடையாது, அமைதியாகத் தோன்றும். அறியாதவர் அவ்விடத்தையே தேர்ந்து இறங்குவர். இழுக்கப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தலாகாது, வலிமை தீர்ந்துவிடும். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டபின் கரையேற வேண்டும். இயலாவிடில் மிதந்தபடியே கையுயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரியாத நண்பன் காப்பாற்றக் குதித்தால் இரண்டு ஜனாஸாக்கள் ஆகிவிடும். கயிறோ மிதக்கும் பொருளோ வீசுவதே முறை.

தமீமுல் அன்சாரி (ரலி) தர்காவால் நம்மவர் அறிந்த கோவளத்தில், இன்று மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கு கற்பிக்கின்றனர். கடலை அறிந்த அத்தகையோரிடம் முறையாகப் பயில்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. பயிற்சியின்றிப் பலகை மட்டும் வாடகைக்கு எடுப்பதையே அஞ்சுகிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலில் இறங்குவதை அறவே தவிர்த்திடுக.

பெண்பிள்ளைகளுக்கு எதற்கு நீச்சல் என்போர் ஆஸ்திரேலியாவைப் பார்க்கட்டும். சிட்னியின் புறநகரான குரொனுல்லா கடற்கரையில் 2005 டிசம்பரில் அரபு வம்சாவளியினருக்கு எதிராகக் கலவரம் மூண்டது. அதன்பின் முஸ்லிம் இளைஞர்களும் யுவதிகளும் அங்கே கடல் உயிர்காப்புப் பயிற்சி பெற்றனர். மெக்கா லாலா என்னும் இளம்பெண், உடல் முழுதும் மறைக்கும் நீச்சலுடை அணிந்தே உயிர்காப்பாளர் ஆனார். ஹயாவும் நீச்சலும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இதுவே: கோடை விடுமுறையில் தீனியாத் வகுப்போடு நீச்சல் வகுப்பும் நடக்கட்டும். அருகிலுள்ள நகரத்து நீச்சல்குளத்தைச் சில மணிநேரம் வாடகைக்கு எடுங்கள். பெண்களுக்குத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் அமையட்டும். பெருநாள் வேனுக்குச் செய்யும் செலவில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். அந்த அமானத்தைப் பேணும் தவ்ஃபீக்கை அவன் நமக்கு அருள்வானாக. ஆமீன்.