யந்திரமும் பயிற்சியும்

சென்னை நந்தனத்தில் தலைமையகம் கொண்டுள்ள தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை, டிராக்டர்களையும் அறுவடை யந்திரங்களையும் உழவர்க்குக் குறைந்த வாடகைக்கு அளித்து வருவது பெரிதும் போற்றத்தக்கதே. ஆயினும், கதிர் முற்றிய வயலில் யந்திரம் பழுதுற்று நிற்க, அதைச் செப்பனிடும் கைதேர்ந்த மெக்கானிக் வந்து சேர்வதற்குள் மழை முந்திக்கொள்ளுமாயின், அவ்வுதவியால் விளையும் பிரயோஜனந்தான் யாது? பயிற்சி அளிப்பது நமக்குப் புதிதன்று; மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் 1955-லேயே டிராக்டர்ப் பயிற்சி நிலையம் கண்ட தேசம் இது. வண்டியை ஓட்டுவதைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். ஆனால், ஹைட்ராலிக் அமைப்பிலோ டீசல் பம்பிலோ தோன்றும் கோளாற்றின் மூலத்தை ஓசையைக் கொண்டே உய்த்துணரும் ஞானம், நல்லதொரு பட்டறையில் நெடுங்காலம் உழைத்தாலன்றிச் சித்திப்பதில்லை. ஆதலின், யந்திரம் வாங்க ஒதுக்கும் தொகையில் ஒரு பாகத்தை, அந்தந்த வட்டாரத்து இளைஞர்க்கு உபகாரச் சம்பளத்துடன் நீண்ட பயிற்சி அளிப்பதற்கென அரசாங்கம் இவ்வாண்டே ஒதுக்கிவைக்க வேண்டும்.