கப்பலிலிருந்து வந்த கடிதங்கள்

சென்ற மாதம் இராயபுரத்துச் சகோதரி ஒருவர் கண்ணீரோடு நம்மிடம் வந்தார். கப்பலில் பணிபுரியும் கணவர் ஒன்பது ஆண்டுகளாக எழுதிய மின்னஞ்சல்கள் யாவும் மறைந்துவிட்டன. நெடுநாள் திறவாத கணக்கை நடத்துவோர் மூடிவிட்டனராம். காகிதக் கடிதங்களாயின் தகரப் பெட்டியிலேனும் கிடந்திருக்கும்!

பங்கு அலுவலகத்தில் நாம் கையாள்வது தண்டர்பேர்டு என்னும் மென்பொருள். மொசில்லா 2004 டிசம்பரில் இதன் முதற்பதிப்பை வெளியிட்டது. விலையில்லை, மூல நிரல் எவர்க்கும் திறந்தது, இன்று பெரும்பாலும் பயன்படுத்துவோரின் காணிக்கையால் நடக்கிறது. (உண்டியலின் அருமை நமக்குத் தெரியாததன்று.)

ஆயினும் இதை நிறுவியதோடு கவலை தீர்ந்ததென எண்ணற்க. ஐமேப் முறையில் நம் திரையில் தெரிவது தொலைவிலுள்ள வழங்கியின் படியே. அங்கு அழிந்தது இங்கும் அழியும். ஆதலின் காக்க வேண்டிய மடல்களை, நம் கணினியிலேயே தங்கும் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதிக்கு நகலெடுத்து வைத்தல் வேண்டும். பின்பு மென்பொருளை மூடிவிட்டு, ‘புரொஃபைல்’ கோப்புறை முழுவதையும் பென்டிரைவில் ஏற்றி, வேறிடத்தில் வைக்கவும். நம் பகுதியின் உப்புக் காற்று படகின் ஆணியை மட்டுமா அரிக்கிறது?

கணவரின் கணக்கில், ‘அனுப்பியவை’ பகுதியில் அம்மடல்களின் படிகள் இருக்கக்கூடும் என்று அச்சகோதரியிடம் கூறினோம். அவர் கரை திரும்பும் நாளை நாமும் எதிர்நோக்கியிருக்கிறோம்.