கோபுரத்தின் முதல் கடைகள் எவை?

நியூயார்க் நகரில், மன்ஹாட்டனின் தென்கோடியில் நின்ற இரட்டைக் கோபுரங்களை அறியாதார் இல்லை. ஒவ்வொன்றும் 110 மாடி. பெயர் உலக வர்த்தக மையம். 2001 செப்டம்பர் 11-ம் தேதி பயங்கரவாதிகள் செய்த பாதகத்தால் அவை இடிந்து விழுந்தன. அந்த ஓரிடத்தில் மட்டும் 2,753 பேர் மாண்டார்கள். அந்தக் கொலைபாதகத்தை நியாயப்படுத்த மனித ஜென்மம் எடுத்த எவனாலும் முடியாது.

அந்தக் கோபுரங்களின் அடியில், தரைக்குக் கீழே, ஒரு பெரிய கடைவீதி இருந்தது. நதிக்கு அடியில் வந்த ரயிலை விட்டு இறங்கி, நகரும் படிக்கட்டில் மேலே ஏறினால் நேரே கடைகளின் நடுவில்தான் போய் நிற்க வேண்டும். அந்தக் கடைவீதியின் ஆரம்ப நாட்களைப் பற்றி இன்று பலர் உருகி உருகி எழுதுகிறார்கள். அடித்தளத்தில் இருந்த ‘பிக் கிச்சன்’ என்னும் சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றிச் சொல்லுகிறார்கள். 1976-ல் வடக்குக் கோபுரத்தின் உச்சியில் திறந்த ‘விண்டோஸ் ஆன் தி வேர்ல்ட்’ ஓட்டலைப் பற்றிச் சொல்லுகிறார்கள். 1980-ல் வந்த ‘அலெக்ஸாண்டர்ஸ்’ ஜவுளிக் கடையைப் பற்றியும் சொல்லுகிறார்கள். "ஆகா, அந்தக் காலத்துக் கடைகள்!" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

விடட்டும். வேலைக்குப் போகிற வழியில் காப்பி குடித்த கடையையும், முதல் சம்பளத்தில் செருப்பு வாங்கிய கடையையும் மனிதன் மறக்க மாட்டான். அது குற்றமல்ல. ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். அந்த மண்ணின் முதல் கடைகள் இவைதானா? இவற்றுக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? காடா? கட்டாந்தரையா?

ரேடியோ தெரு

அங்கே இருந்தது ‘ரேடியோ ரோ’. அதாவது ரேடியோ தெரு.

1921-ல் கார்ட்லண்ட் தெருவில் ‘ஸிட்டி ரேடியோ’ என்று ஒரு கடை திறந்தது. அதைச் சுற்றி வேறு கடைகள் வந்தன. கார்ட்லண்ட், டே, கிரீன்விச் தெருக்களில் வரிசை வரிசையாக ரேடியோ கடைகள் நிறைந்தன. நடைபாதையில் பெட்டி பெட்டியாக வால்வு, கண்டென்சர், சுருள் கம்பி. ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஒலிபெருக்கி; ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தின் மிச்ச சாமான்கள் இங்கே வந்து குவிந்தன. கையில் சில்லறை வைத்திருந்த பள்ளிக்கூடப் பையன் இங்கே பாகங்களைப் பொறுக்கி வாங்கிப் போய் வீட்டிலேயே ரேடியோ கட்டினான். பெரிய கம்பெனி விற்காத பாகம் இங்கே கிடைக்கும். மற்றவர் கைவிட்ட செட்டை இங்கே ஒருவர் பழுது பார்த்துக் கொடுப்பார்.

ரேடியோ கடைகள் மட்டுமல்ல; சாப்பாட்டுக் கடைகளும் வேறு பல சின்னக் கடைகளும் இருந்தன. மாடிகளில் சுமார் நூறு பேர் குடியிருந்தார்கள். மொத்தத்தில் நூற்றுக்கணக்கான சிறு வியாபாரிகளும் அவர்களிடம் வேலை செய்த சிப்பந்திகளும் அந்தப் பதின்மூன்று தெருக்கட்டுகளில் பிழைத்தார்கள். கோபுரத்தின் முதல் கடைகள் இவைதான்!

யார் போட்ட திட்டம்?

ராக்பெல்லர் குடும்பத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயில் சேர்த்த செல்வம். பாங்கில் பெருகிய செல்வம். அண்ணன் நெல்ஸன் 1959 முதல் நியூயார்க் ராஜ்யத்தின் கவர்னர். தம்பி டேவிட் சேஸ் மன்ஹாட்டன் பாங்கின் பெரும்புள்ளி. தென்கோடிப் பகுதியில் தம் பாங்குக்காக 60 மாடிக் கட்டிடத்தைத் தம்பி எழுப்பினார். பெரிய கம்பெனிகளோ நகரின் நடுப்பகுதிக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தன. போட்ட முதல் என்னாவது? சுற்றுவட்டாரத்தின் மனை மதிப்பு என்னாவது? அப்போதுதான் ‘உலக வர்த்தகம்’ ஞாபகத்துக்கு வந்தது. டேவிட் தலைமை தாங்கிய சங்கம் 1960-ல் திட்டத்தை முன்வைத்தது. கட்டி முடிக்கும் பொறுப்பு துறைமுக ஆணையத்தின் தலையில் வந்தது. பிற்பாடு நகரத்து ஜனங்கள் அந்த இரு கோபுரங்களுக்கும் ‘டேவிட்’, ‘நெல்ஸன்’ என்றே கேலிப் பெயர் வைத்தார்கள். ஜனங்களின் கண் எப்போதும் கூர்மையானது!

துறைமுக ஆணையம் என்பது நியூயார்க், நியூஜெர்சி ஆகிய இரு ராஜ்யங்களும் சேர்ந்து 1921-ல், ரேடியோ தெரு பிறந்த அதே வருஷத்தில், அமைத்த ஸ்தாபனம். பாலத்திலும் சுரங்கப் பாதையிலும் சுங்கம் வசூலிக்கும் அந்த ஸ்தாபனத்துக்குப் பணத்துக்குக் குறைவில்லை. முதலில் கிழக்கு நதிக்கரையில்தான் கோபுரம் கட்டுவதாக இருந்தது. நியூஜெர்சி கவர்னர் ஒப்பவில்லை. நொடித்துப் போயிருந்த ஹட்ஸன் ரயிலை ஆணையம் ஏற்று நடத்தினால்தான் சம்மதம் என்றார். பேரம் முடிந்தது. 1961-ன் கடைசியில் இடம் மேற்குப் பக்கத்துக்கு மாறியது. 1962-ல் சட்டம் நிறைவேறியது. பேனாவின் ஒரு கீற்றில் ரேடியோ தெருவின் தலையெழுத்து மாறிவிட்டது.

அந்த ரயிலைக் காப்பாற்றியது நல்ல காரியமே. தினமும் அதில் வேலைக்குப் போன உழைப்பாளிகளுக்கு அது தேவை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ரயிலை ஓட்டுவதற்கு 110 மாடி எதற்கு? நூற்றுக்கணக்கான கடைகளின் கழுத்தைத் திருகுவானேன்?

சாண்ட்விச் கடை தொடுத்த வழக்கு

அந்தச் சிறு வியாபாரிகள் வாயை மூடிக்கொண்டு போகவில்லை. ஆஸ்கார் நாடெல் என்ற ரேடியோ கடைக்காரர் தலைமையில் சங்கம் கட்டினார்கள். 1962-ல் கறுப்புத் துணி போர்த்திய சவப்பெட்டியில் ‘சிறு வியாபாரி’ என்று ஒரு பொம்மையைக் கிடத்தி ஊர்வலம் போனார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். அந்த வழக்கின் பெயர் சட்டப் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது: கர்ட்டஸி சாண்ட்விச் ஷாப் எதிர் நியூயார்க் துறைமுக ஆணையம். ரொட்டியை வெட்டி நடுவில் கறி வைத்து விற்ற ஒரு கடை, இரண்டு ராஜ்யங்களின் ஸ்தாபனத்தை எதிர்த்துக் கூண்டில் ஏற்றியது!

1963-ல் நடு அப்பீல் கோர்ட் வியாபாரிகள் பக்கம் தீர்ப்புச் சொல்லியது. சந்தோஷம் நீடிக்கவில்லை. அதே வருஷம் ராஜ்யத்தின் உச்ச அப்பீல் கோர்ட் அதைத் தலைகீழாகத் திருப்பியது. உலக வர்த்தகத்துக்கான வசதிகளை ஓரிடத்தில் சேர்ப்பது பொதுக்காரியம், ஆகவே நிலத்தை எடுக்கலாம் என்றது. வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டும் அப்பீலைத் தள்ளிவிட்டது.

பொதுக்காரியம்! இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை அக்கிரமம் ஒளிந்துகொள்கிறது, பாருங்கள்.

நஷ்டஈடு விஷயத்துக்கு வருவோம். நிலத்தை எடுத்தால் நிலச் சொந்தக்காரனுக்கு விலை உண்டு. கடைக்காரரில் பெரும்பாலோர் வாடகைதாரர்கள். நாற்பது வருஷம் தேடிய பேருக்கும், சேர்த்த வாடிக்கைக்கும், பக்கத்துப் பக்கத்துக் கடைகள் ஒன்றுக்கொன்று கொடுத்த பலத்துக்கும் சட்டத்தில் விலை கிடையாது. கடைக்குத் தலா 3,000 டாலர் தருவதாக ஆணையம் சொல்லிற்று. எத்தனை வருஷக் கடை என்ற கேள்வி இல்லை. எத்தனை வியாபாரம் என்ற கேள்வியும் இல்லை.

ரேடியோ தெரு என்பது தெருவாக இருந்ததால்தான் பிழைத்தது. ஒரு கடையில் இல்லாத வால்வு அடுத்த கடையில் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஜனங்கள் வந்தார்கள். பிரித்து விட்டால்? சிலர் வேறு தெருக்களுக்குப் போய்த் தனித்தனியே கடை போட்டார்கள். பலர் ஒரேயடியாகக் கதவைச் சாத்தினார்கள். 1966 மார்ச்சில் கடப்பாரை விழுந்தது. அந்த ஆகஸ்டில் அஸ்திவார வேலை தொடங்கியது. பதின்மூன்று தெருக்கட்டுகளை ஒன்றாக்கி 16 ஏக்கர் ஒரே மனையாயிற்று. நடுவில் ஓடிய தெருக்களும் மறைந்தன.

உலக வர்த்தகம் எங்கே போயிற்று?

"முன்னேற்றம் வரும்போது பழையது போகத்தானே வேண்டும்? ரேடியோ கடைகளுக்காக நகரம் நின்றுவிடுமா?" என்று சில அறிவாளிகள் கேட்பார்கள். உயரமான கட்டிடத்தின் மேல் நமக்குக் கோபமில்லை. அதை எழுப்பியது தொழிலாளியின் கை. மோஹாக் இனத்து இரும்பு வேலைக்காரர்கள் அந்தரத்தில் நின்று உத்திரம் பூட்டிய வீரத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். நம் கேள்வி வேறு. எதன் பெயரால் பிடுங்கினீர்களோ அது நடந்ததா?

சரக்குப் பெட்டகக் கப்பல்கள் வந்த காலம் அது. அதே துறைமுக ஆணையம் 1962-ல் நியூஜெர்சிக் கரையில் எலிஸபெத் துறையைத் திறந்து, பெட்டகக் கப்பல்களை அங்கே கொண்டுபோயிற்று. மன்ஹாட்டன் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெறிச்சோடின; மூட்டை தூக்கிய தொழிலாளி வேலை இழந்தான். கப்பல் போன ஊரில் வர்த்தகத்துக்குக் கோபுரம்! 1973 ஏப்ரலில் திறப்பு விழா நடந்தபோது நிரப்ப ஆளில்லாமல் இடம் கிடந்தது. தெற்குக் கோபுரத்தில் ராஜ்ய சர்க்கார் ஆபீஸ்களையே கொண்டுவந்து குடிவைத்தார் கவர்னர் ராக்பெல்லர். ஜனங்களின் வரிப்பணம் வாடகையாயிற்று. பிற்பாடு வந்து நிறைந்தவை பங்கு வியாபாரக் கம்பெனிகளும் பாங்குகளும்.

இதைவிடப் பெரிய வேடிக்கை 2001-ல் நடந்தது. ஜூலை மாதம் கோபுரங்கள் 99 வருஷக் குத்தகைக்குத் தனியாரிடம் போயின. தொகை 320 கோடி டாலர். கோபுரத்தை எடுத்தவர் ஒரு மனை முதலாளி. சுமார் 4 லட்சம் சதுர அடிக் கடைவீதியை எடுத்தது வெஸ்ட்பீல்ட் என்ற கடைவளாகக் கம்பெனி.

பார்த்தீர்களா? ஆயிரம் சிறு கைகளிலிருந்து ‘பொதுக்காரியம்’ என்று பிடுங்கியது, கடைசியில் இரண்டு பெரிய கைகளில் போய்ச் சேர்ந்தது. சாண்ட்விச் கடைக்காரர் 1963-ல் கோர்ட்டில் சொன்னது இதுதானே: "எங்களிடமிருந்து எடுத்து, லாபத்துக்கு இன்னொருவனுக்கு வாடகைக்கு விடப்போகிறீர்கள்!" கோர்ட் நம்பவில்லை. காலம் நிரூபித்துவிட்டது.

மறக்கப்பட்ட இன்னொரு கூட்டம்

கடையை நினைப்பவர்கள் கடைச் சிப்பந்தியையும் நினைக்க வேண்டாமா? செப்டம்பர் 11 அன்று உச்சி ஓட்டலில் காலைச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தவர்களில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளிகள் மாண்டார்கள். சமையற்காரர், பாத்திரம் துலக்குபவர், பரிமாறுபவர். பல தேசங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்று வேலை முறை இல்லாததால் தப்பியவர்களின் வேலையும் அன்றோடு போயிற்று. அவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. 2002-ல் ஓட்டல் தொழிலாளர்களுக்கென்று ஸ்தாபனம் கண்டார்கள். 2006-ல் ‘கலர்ஸ்’ என்று கூட்டுறவு ஓட்டல் ஒன்றையும் திறந்தார்கள். அந்த ஓட்டல் நிலைக்கவில்லை. ஆனால் அந்தத் துணிவு பெரிது.

கோபுர உச்சியிலிருந்து தெரிந்த காட்சியைப் பற்றி எழுத ஆயிரம் பேர். அந்த உச்சியில் எச்சில் தட்டு கழுவியவனைப் பற்றி எழுத எத்தனை பேர்?

இப்போது அதே மண்ணில் மறுபடி கடைவீதி வந்திருக்கிறது. சுமார் 400 கோடி டாலர் பொதுப் பணத்தில் எழுப்பிய ரயில் நிலையக் கூடத்தில், 2016 ஆகஸ்டில், அதே வெஸ்ட்பீல்ட் கம்பெனி கடைகளைத் திறந்தது. வெள்ளைவெளேரென்ற விலா எலும்பு போன்ற கூரை. கீழே பளபளக்கும் பெரிய கம்பெனிகளின் பெயர்ப் பலகைகள். விழுங்கப்பட்ட கிரீன்விச் தெருவை மறுபடி அந்த மனையின் ஊடே திறந்துவிட்டிருக்கிறார்கள். தெருவை மூடியது பிசகு என்று இதைவிடத் தெளிவாக யார் ஒப்புக்கொள்ள முடியும்? தெரு திரும்பிவிட்டது. தெருவில் கடை வைத்திருந்தவன் திரும்பவில்லை.

ஆகவே, அன்பர்களே! எந்த ஊரிலானாலும் சரி, வானளாவிய கட்டிடத்தைக் காட்டி, "இதன் முதல் கடைகள் எவ்வளவு அழகு!" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மண்ணில் இதற்குமுன் கடை வைத்திருந்தவன் எங்கே? பொதுக்காரியம் என்று எடுத்ததை இன்று ஆள்பவன் யார்? அந்தக் கடையில் நின்று வேலை செய்தவனின் கதி என்ன?

நினைவு என்பது பெருமூச்சு அல்ல, கணக்கு. ரேடியோ தெருவின் கணக்கு இன்னும் தீரவில்லை. தீராத கணக்கை மறக்கச் சொல்பவன் யாருக்காகப் பேசுகிறான் என்பதை நாம் சொல்லித்தானா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்?