தாராவி மக்கள் அதானிக்கு எழுதித் தராத பவர் பத்திரம்!

தாராவியில் அறை வாங்கியவர்களில் மிகப் பலரிடம் கிரயப் பத்திரம் இல்லை. நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சிக்குச் சொந்தம். குடியிருப்பவர் அதை விற்க இயலாது. எனவே திருநெல்வேலிக்குத் திரும்புகிறவர் முத்திரைத்தாளில் பவர் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் சான்று பெற்று, பணத்தோடு ரயிலேறுவார். வாங்கியவரின் ஆயுட்காலச் சேமிப்பு அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, அதிகாரம் அளித்தவர் இறந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். ஊரில் ஒரு முதியவர் கண்மூடினால், தாராவியில் ஒரு குடும்பத்தின் ஆவணம் கேள்விக்குள்ளாகும். பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என 2011 அக்டோபர் 11 அன்று சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்புப் பணத்தையும் நில மோசடியையும் தடுக்கும் அந்த நோக்கத்தில் குறைகாண ஏதுமில்லை. ஆனால், நில உரிமையாளர்கள் கட்டுமான நிறுவனங்களுக்கு அளிக்கும் பவர் பத்திரங்களுக்கு இதனால் பாதிப்பில்லை என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. பில்டரின் காகிதம் பிழைத்தது; கூலித் தொழிலாளியின் காகிதம் அந்தரத்தில் நிற்கிறது.

இப்போது தாராவியில் காகிதமே வாழ்வைத் தீர்மானிக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தள வீடு என்று நிரூபித்தால் அங்கேயே 350 சதுர அடி. 2000 முதல் 2011 வரையிலானவர்கள் இரண்டரை லட்சம் ரூபாய் கட்டி, தாராவிக்கு வெளியே 300 சதுர அடி பெறலாம். மாடியில் வசிப்போருக்கு வெளியிடத்தில் வாடகை வீடு. தாணே எல்லையை ஒட்டிய முலுண்டு உப்பளமும், தேவ்னார் குப்பைமேடும் இதற்கென்றே குறிக்கப்பட்டிருக்கின்றன.

ஏழையிடம் இத்தனை காகிதம் கேட்கும் அரசு, மக்களிடம் பெற்ற காகிதம் எங்கே? பிற குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில் பில்டர் குடியிருப்போரின் பெரும்பான்மை ஒப்புதலைப் பெற வேண்டும். தாராவிக்கு அந்த விதியே நீக்கப்பட்டது. மக்களின் பிரதிநிதி அரசுதானே என்பார்கள். அந்தப் பிரதிநிதியோ, அதானி குழுமம் 80 சதவிகிதம் வைத்திருக்கும் நிறுவனத்தில் 20 சதவிகிதப் பங்குதாரர்! முகவர் தன் சொந்த ஆதாயத்துக்காக உரியவருக்குப் பாதகமாக நடத்தும் பேரத்தை உரியவர் நிராகரிக்கலாம் என்பதும் அதே 1872ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

பவர் பத்திரம் எழுதியவராவது அதை ரத்து செய்யலாம். தாராவி மக்கள் எழுதியே தராத அதிகாரத்தை எந்த நோட்டரியிடம் போய் ரத்து செய்வது?

தகுதியற்றவர் என்று ஒருவரையும் வெளியேற்றக் கூடாது, அனைவருக்கும் தாராவியிலேயே 500 சதுர அடி வீடு வேண்டும் என்று தாராவி பச்சாவ் ஆந்தோலன் போராடி வருகிறது. பவர் பத்திரத்துடன் வசிப்பவரைக் குடியிருப்பின் அடிப்படையிலேயே ஏற்க வேண்டும், மக்களின் ஒப்புதல் விதியை மீட்க வேண்டும் என்ற கோரிக்கைகளும் அதனுடன் சேர்ந்தே எழுப்பப்பட வேண்டும்.