நாளைக்கும் பட்டா வேணும்

"தலித்துக்கு எதுக்குய்யா விண்வெளி? அவன் வலியை எழுதட்டும்." இப்படிச் சொல்கிறவர்கள் நம் எதிரிகள் மட்டுமல்ல. நம் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். தன்வரலாறு எழுது, பதிப்பிக்கிறோம். சாட்சியம் சொல்லு, அழறோம். ஆனால் முந்நூறு வருஷம் கழிச்சு என்ன நடக்கும் என்று நீ கற்பனை செய்து, அதைப் பாட்டாக்கி, பாட்டைப் படமாக்கப் போனால் 'தப்பித்தல்' என்கிறார்கள், 'மேற்கத்திய இரவல்' என்கிறார்கள். ஆக, நேற்று மட்டும்தான் நமக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நாளைக்கான பட்டா அவர்கள் பேரில் இருக்கிறது.

இந்தப் பட்டாவைக் கேள்வி கேட்பதுதான் நோக்கம். ஒரே அறிவியல் புனைகதையை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை சொல்லுகிற ஆல்பம், பிறகு அந்த ஆல்பமே இசைப்படம்: இது தலித் கலைஞர்கள் கையில் எடுக்க வேண்டிய வேலை. படமாகும்போது பாட்டும் பேரும் நம் கையை விட்டுப் போகக் கூடாது என்பது அதற்கான நிபந்தனை.

தமிழுக்கு இது புதுசு என்று யாரும் கதை விட வேண்டாம். 1963-இல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்தது. இந்தியாவில் வேற்றுக்கிரகத்தாரைக் காட்டிய முதல் படங்களில் ஒன்று. கதை என்ன? அந்தக் கிரகத்தில் விஞ்ஞானம் இருக்கிறது, சங்கீதம் இல்லை. அதனால் பூமிக்கு வந்து பாட்டுக்காரியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கொட்டகையில் பார்த்தவர்களுக்கு அது அதிசயம். நம் ஆட்களுக்கு அதிலே என்ன அதிசயம்? ஊர்க்காரனிடம் நிலம் இருக்கும், கோயில் இருக்கும், தேர் இருக்கும். அடிக்க மோளம் இருக்காது. சேரியிலிருந்து மோளத்தைக் கூப்பிடுவான். அடிச்சு முடிச்சதும் அடிச்சவனைத் தெரு முனையிலேயே நிறுத்துவான். கிரகத்துக்காரனாவது பாடுறவளைத் தன் அரண்மனைக்குள்ளே விட்டான். இந்தக் கதையைத் தூக்கிப்போகப்பட்டவளின் குரலில் தமிழ் சினிமா என்றைக்குச் சொல்லும்?

கறுப்பின மக்கள் சொன்னார்கள். தான் சனிக்கிரகத்திலிருந்து வந்தவன் என்று சொல்லிக்கொண்ட சன் ரா, 1974-இல் வெளியான 'ஸ்பேஸ் இஸ் த பிளேஸ்' படத்தில் தன் மக்களை இசையாலேயே வேறொரு கிரகத்துக்குக் கூட்டிப்போகத் திட்டம் போடுகிறார். பார்லிமெண்ட் குழு 1975-இல் 'மதர்ஷிப் கனெக்‌ஷன்' ஆல்பத்தை வெளியிட்டுவிட்டு, அடுத்த வருஷமே மேடையில் ஒரு விண்கலத்தை இறக்கியது. ஜனெல் மொனே தப்பி ஓடுகிற ஓர் எந்திரப் பெண்ணை ஆல்பத்துக்கு ஆல்பம் வளர்த்தார். 2018-இல் 'டர்ட்டி கம்ப்யூட்டர்' ஆல்பத்தோடு அதன் படத்தையும் சேர்த்தே கொடுத்தார். அடிமைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள், கப்பலையே பறிமுதல் செய்து வானத்தில் ஓட்டுகிறார்கள். இதைத் தப்பித்தல் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? 1972-இல் பம்பாயில் 'பாந்தர்' பேரைக் கடன் வாங்கத் தெரிந்த நாம், அந்தக் கப்பலை ஏன் விட்டுவிட்டோம்?

சரி, ஆல்பத்தை எப்படிப் படமாக்குவது? இங்கேதான் வெள்ளைக்கார ராக் இசைக்காரர்களே சறுக்கினார்கள். 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1971 வாக்கில் 'லைஃப்ஹவுஸ்' என்று ஓர் அறிவியல் புனைகதையை ஆல்பமாகவும் படமாகவும் சேர்த்துத் திட்டமிட்டார். கூட இருந்தவர்களுக்கே கதை விளங்கவில்லை. படம் கைவிடப்பட்டது, பாட்டுகளில் பல 'ஹூஸ் நெக்ஸ்ட்' என்ற சாதாரண ஆல்பமாக வந்தன. மாறாக, ஜெஃப் வெய்ன் 1978-இல் எச்.ஜி. வெல்ஸின் செவ்வாய்க்கிரகப் படையெடுப்பை இரட்டை இசைத்தட்டாக ஆக்கியபோது, ரிச்சர்ட் பர்ட்டனைக் கதைசொல்லியாக உட்கார வைத்தார். அது நின்றது. 2006 முதல் பெரிய மேடை நிகழ்ச்சியாகவும் ஓடியது.

அந்தக் கதைசொல்லி யார்? நம்ம கட்டியங்காரன்தான்! காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு பக்கம் கூத்து பார்த்து வளர்ந்த எவனுக்கும் இதைப் பாடமாக நடத்தத் தேவையில்லை. ராத்திரி முழுக்கப் பாட்டாலேயே கதை போகும். நடுவில் கட்டியங்காரன் வந்து நக்கல் அடித்து, விளங்காததை விளக்கி, ராஜாவையே 'நீ யாருடா' என்று கேட்பான். அதைவிட முக்கியம் திரை. இரண்டு பேர் துணியைப் பிடிப்பார்கள். வேஷக்காரன் உள்ளே நின்று பாடுவான். குரல் முதலில் வரும், உருவம் பிறகுதான் வரும். கேட்டுக்கேட்டு ஜனங்கள் மனசில் அவனை வரைந்து முடித்த பிறகு துணி விலகும். ஆல்பம் என்பது திரைக்குப் பின்னால் பாடுகிற விருத்தம். படம் என்பது திரை விலகுவது. இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பாரதக் கதையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நமக்கு அந்தத் துணி போதும்.

காதால் படம் பார்க்கிற பழக்கமும் நமக்கு உண்டு. குழாய் ஸ்பீக்கரில் 'திருவிளையாடல்', 'விதி' கதை வசனக் கேசட்டை வரிக்கு வரி மனப்பாடம் செய்த ஜனங்கள் இவர்கள். கதை ஆல்பம் புரியாது என்று இவர்களைப் பார்த்துச் சொல்பவனுக்குத்தான் ஜனங்களைப் புரியவில்லை.

என்ன கதையைப் பாடுவது? வேறு கிரகத்தைத் தேட வேண்டாம், உத்திரமேரூர் போதும். அங்கே கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. முப்பது குடும்பு, பானைக்குள் ஓலை, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது, எல்லாம் விலாவாரியாக இருக்கிறது. ஓலையில் பேர் எழுதப்பட என்ன தகுதி? கால்வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, வேத ஞானம். சதுர்வேதிமங்கலத்துச் சபை அது. 2020 டிசம்பர் 10 அன்று புதிய பாராளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், இந்தக் கல்வெட்டைத்தான் ஜனநாயகத்தின் பழம்பெருமையாக எடுத்துக் காட்டினார். அவர்கள் ஆயிரம் வருஷத்துக் கல்லை எடுத்து நாளைய கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டால் அது பாரம்பரியம். நாம் அதே கல்லை எடுத்து ஆயிரம் வருஷம் முன்னால் எறிந்தால் அது தப்பித்தலா?

எறிந்து பார்ப்போம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். 1892-இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. ஆயிரமாவது ஆண்டு 2892. வேறொரு கிரகத்தில் நிலம் பிரிக்கிறார்கள். குடவோலையை இப்போது எந்திரம் எடுக்கிறது. எந்திரத்துக்குச் சாதி தெரியாது என்று அறிவிப்பு வருகிறது. உண்மைதான், தெரியாது. ஆனால் எந்தப் பேர் பானைக்குள் போகலாம் என்ற நிரலில் கால்வேலி இருக்கிறது. பானைக்கு வெளியே நிற்கிறவர்களின் பாட்டு ஒன்று, பானையின் பாட்டு ஒன்று, ஓலை எடுக்கிற சிறுவனின் பாட்டு ஒன்று. 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்த ஜான் தாமஸ், ஏழுமலை பேரை அந்தக் கிரகத்து மலைகளுக்கு வைக்கிற பாட்டு ஒன்று. இது கற்பனையா, வரலாறா? இரண்டையும் பிரிக்கிற வரப்பை யார் போட்டது?

'இருக்கிற பிரச்சினையைப் பேசு' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலக்குழியில் மனிதனை இறக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 2013. சந்திரயான் நிலவில் இறங்கியது 2023 ஆகஸ்ட் 23. அதற்கு எட்டு மாசம் முன்னால்தான் வேங்கைவயல் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது வெளியே வந்தது. ஒரே நாட்டில் இத்தனை யுகம் ஒன்றாக ஓடுகிறது. யதார்த்தவாதத்தால் இதைப் பிடிக்க முடியவில்லை. அதனால்தான் வேறு வடிவம் கேட்கிறோம்.

இனி அந்த நிபந்தனை. 2018 ஜனவரியில் பா. ரஞ்சித் முன்னெடுப்பில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. கானாவும் பறையும் ராப்பும் சேர்ந்து சாதியைப் பேர் சொல்லிப் பாடின. அதிலிருந்து வந்த அறிவு எழுதிப் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் உலகமெல்லாம் ஒலித்தது. அந்தப் பாட்டின் மண் அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்ட வாழ்க்கை. அதே வருஷம் ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் அறிவின் முகம் இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகுதான் தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு இருந்தது, அறிவு இல்லை. யார் பங்கு எவ்வளவு என்பதில் சம்பந்தப்பட்டவர்கள் வேறுவேறு விளக்கம் சொன்னார்கள். அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பாட்டு மேடை மாறும்போது முதலில் உதிர்கிற பேர் யாருடையது?

உத்திரமேரூர் கல்வெட்டிலும் இதே கதைதான். ஏரி வாரியம் எப்படி அமைய வேண்டும் என்று கல்லில் இருக்கிறது. ஏரியை வெட்டினவன், தூர் வாரினவன் பேரை அங்கே தேடாதீர்கள். கல்வெட்டும் ஒரு டைட்டில் கார்டுதான்.

ஆகவே ஆல்பம் படமாகும் முன்னாலேயே எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, சினிமாவுக்குப் போன பாட்டிலும் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அதை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர. இதை நம் பையன்கள் ஒவ்வொருத்தனும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 'நாட்டுப்புற மெட்டு' என்று எழுதிவிட்டுத் தப்பிக்கிற வேலை கூடாது. பறை அடித்தவன், பம்பை அடித்தவன், ஒப்பாரி சொன்ன கிழவி, எல்லார் பேரும் திரையில் வரணும். பாட்டை வெட்டிச் சண்டைக்கு நடுவில் செருகக் கூடாது. ஆல்பத்தின் வரிசைதான் படத்தின் வரிசை. இன்னொன்று: அந்தக் கிரகத்தில் சேரியைக் காட்டாமல் விட்டுவிட்டு 'சாதி ஒழிந்த உலகம்' என்று பீற்றக் கூடாது. அப்படிப் பார்த்தால் தமிழ் சினிமா பல காலமாகச் சாதி ஒழிந்த உலகத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது!

வலியை எழுதுவோம், அதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் வலியோடு நிறுத்திக்கொள் என்று வரப்புப் போடுகிற கையை எடுங்கள். எங்கள் பிள்ளைகள் திரைக்குப் பின்னால் பாட ஆரம்பித்துவிட்டார்கள். துணியைப் பிடிக்க வருகிறவர்கள் வரலாம்.