படகு சாயுதா? ஓட்டுறவர் மேல மட்டும் பழி போடாதீங்க!

விழுப்புரத்திலும் கடல் இல்லை, திண்டிவனத்திலும் கடல் இல்லை. ஆனால் மரக்காணத்தில் ஒருவர் வாங்கிய ஃபைபர் படகு அலையில் ஒரு பக்கமாகவே சாய்கிறது என்றால், அந்தப் புகார் போய்ச் சேர வேண்டிய இடம் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். படகைக் கடலூரில் கட்டியிருந்தாலும் சரி, சென்னையில் கட்டியிருந்தாலும் சரி. வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

'மீன்பிடிப்பது வியாபாரம் ஆச்சே, மீனவர் எப்படி நுகர்வோர் ஆவார்?' இதைத்தான் எதிர்த்தரப்பு முதலில் கேட்கும். இதற்கு விடை 1995-லேயே வந்துவிட்டது. லக்ஷ்மி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் - கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. வழக்குப் போட்ட நிறுவனம் தோற்றது வேறு கதை. சுயதொழிலில் பிழைக்கப் படகு வாங்கிய மீனவருக்கும் அதே நியாயம்தான். பத்துப் படகு வாங்கி ஆள் வைத்து ஓட்டும் முதலாளிக்கு இது பொருந்துவது கஷ்டம்.

சரி, குறை கட்டியதிலா, வடிவமைப்பிலா? ஃபைபர் படகு அச்சில் வார்ப்பது. பிசின் சரியாக ஊறாமல் ஒரு படகு மட்டும் விரிசல் விட்டால், அது தயாரிப்புக் குறை. அமரத்தின் உயரமே போதாமல், இன்ஜின் மாட்டியதும் பின்பக்கம் தாழ்ந்து தண்ணீர் ஏறுகிறது என்றால், அதே அச்சில் வார்த்த எல்லாப் படகிலும் அது இருக்கும். அதாவது, புகார் கொடுத்தவர் ஒருத்தர்தான் என்றாலும், ஆபத்தில் இருப்பவர்கள் பலர். படகு கட்டுபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

வழக்கமாக வரும் பதில், "இன்ஜினை பெருசா மாட்டிட்டீங்க, லோடு ஏத்திட்டீங்க." சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். பொருளை மாற்றியமைத்திருந்தாலோ, தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ விற்றவர் மீது பொறுப்பு வழக்கு நிற்காது என்கிறது 87-வது பிரிவு. ஆனால் எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு எடை என்று விற்கும்போதே எழுதிக் கொடுக்காதவர், பிறகு அதைக் காரணம் காட்டுவது நியாயமா? சரியான பயன்பாட்டுக்கு வேண்டிய விவரங்களைத் தராததையும் 84-வது பிரிவு தயாரிப்பாளர் மீதான பொறுப்பாகவே சொல்கிறது.

கட்டியவர் செய்ய வேண்டியது எளிது. கரைக்கு வந்து, புகார் சொன்னவர் முன்னாலேயே படகைத் தண்ணீரில் இறக்கிப் பார்க்கணும். பிறகு அதே அச்சுப் படகை வாங்கிய மற்றவர்களுக்கும் போன் பண்ணணும். அமெரிக்காவில் ஒவ்வொரு படகின் உடலிலும் 12 எழுத்து அடையாள எண் உண்டு. பாதுகாப்புக் குறை தெரிந்தால் தயாரிப்பாளரே வாங்கியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இங்கே ஒரு பில் புத்தகமும் போனும் போதும்.

ஒரு நுணுக்கம். படகு குறையால் ஆளுக்குக் காயம், வலை நாசம் என்றால் பொருள் பொறுப்புப் பிரிவு உதவும். படகுக்கே வந்த சேதமும் தொழில் நஷ்டமும் அந்தப் பிரிவின் 'தீங்கு' கணக்கில் வராது. அதற்குக் 'குறைபாடுள்ள பொருள்' என்ற வழக்கமான புகார்தான் வழி. சரிசெய்து தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ ஆணையம் உத்தரவிடலாம். எனவே மனுவில் இரண்டையும் தனித்தனியாக எழுதுவது நல்லது. பில், இன்ஜின் விவரம், தண்ணீரில் படகு தாழும் வீடியோ எல்லாம் கையில் இருக்கட்டும்.

படகின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. வழி கேட்க 1915-க்கு அழைக்கலாம். காலக்கெடு 2 ஆண்டு. "அடுத்த வாரம் வந்து பார்க்கிறோம் அண்ணே" என்று கட்டியவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் அந்த 2 ஆண்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.